ஜோடிச் சரக்கு

என் அக்காவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடியிருப்பு முழுக்கப் பேசிக்கொண்டபோது எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பேய் பிடிப்பதற்கும் ஒரு தகுதி வேண்டாமா? பேருந்தில் பக்கத்து ஆள் அவள் காலை மிதித்தால் அவனிடம் மன்னிப்புக் கேட்கிற பெண் அவள். அவளைப் பிடித்து எந்தப் பேய் என்ன சுகத்தைக் கண்டுவிடப் போகிறது? என்னைப் பிடித்திருந்தாலாவது நாலு நாள் சண்டை போட்டுவிட்டு அதுவே ஓடிப் போயிருக்கும்.

நான் அவளுக்கு ஒரே தங்கை. அத்தான் எனக்கு வைத்த பெயர் பட்டாசு. "பட்டாசு வருது, எல்லாரும் காதைப் பொத்திக்குங்க" என்று வாசலிலேயே அறிவித்துவிட்டுத்தான் என்னை உள்ளே விடுவார். அப்பா அம்மா போன பிறகு, வேலை கிடைத்துத் தனியாக வீடு பார்க்கும்வரை, அந்தக் குடியிருப்பு வீட்டில்தான் நானும் இருந்தேன். மூன்று பேரும் ஒரே ரசாயனத் தொழிற்சாலையைச் சேர்ந்தவர்கள். நான் பரிசோதனைக் கூடம். அத்தான் சரக்கு நிரப்பும் கொட்டகை. அக்காவும் ஒரு காலத்தில் அதே கொட்டகைதான்.

அங்கே என்ன செய்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் அக்கா கதை புரியாது. போரான் என்று ஒரு தனிமம். மூன்று பேரைக் கையைப் பிடித்துச் சேர்த்துக்கொண்ட பிறகும் அதனிடம் ஓர் இடம் காலியாகவே இருக்கும், இரண்டு எலக்ட்ரான் வந்து உட்காருகிற இடம். மூன்று ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்ட போரானுக்குப் போரேன் என்று பெயர். அந்தக் காலி இடத்தை வைத்துக்கொண்டு அதனால் சும்மா இருக்கவே முடியாது. தனியாக விட்டால் தன்னைப் போல இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டு வாயுவாகிவிடும். அந்த வாயு மூச்சில் போனால் நஞ்சு, காற்றில் கசிந்தால் தீப்பிடிக்கும். இப்படி ஒரு சனியனை எப்படிக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து ஊருக்கு அனுப்புவது? அதற்கு ஒரு துணை சேர்க்க வேண்டும். டைமெத்தில் சல்பைடு என்று ஒரு திரவம் இருக்கிறது. அதிலுள்ள கந்தகத்திடம் யாருக்கும் கொடுக்காத எலக்ட்ரான் ஜோடி உண்டு. அதைக் கொண்டுவந்து போரானின் காலி இடத்தில் வைத்துவிடும். கொடுப்பது ஒருவர், அனுபவிப்பது இருவர். பாடப்புத்தகத்தில் இதற்கு ஈதல் பிணைப்பு என்று பெயர். அதுவரை தட்டையாகக் கிடந்த போரேன், துணை சேர்ந்ததும் கூடாரம் போல நிமிர்ந்து கொள்ளும், சாதுவாகிவிடும். இப்படிச் சேர்ந்ததை எங்கள் கூடத்தில் அடக்ட் என்போம். கொட்டகை ஆட்கள் ஜோடிச் சரக்கு என்பார்கள். எனக்கும் அந்தப் பெயர்தான் பிடிக்கும்.

சல்பைடுக்குப் பதில் ஈதரைத் துணையாகச் சேர்த்தால் பிடி தளர்வு. அமைனோடு சேர்த்தால் ஒரேயடியாக இறுக்கம், லேசில் பிரியாது. சல்பைடு நடுவாந்தரம். வேண்டும்வரை பிடித்துக்கொண்டிருக்கும், வேலை வரும்போது விட்டுவிடும். அதனால்தான் மருந்து செய்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஒரே குறை, நாற்றம். முட்டைகோஸை வேகவைத்து மூடி வைத்து மறந்து போய், ஊரிலிருந்து திரும்பி வந்து திறந்தால் ஒரு வாடை வருமே, அதோடு கடல் வற்றிய சேற்றையும் கலந்துகொள்ளுங்கள். எத்தனை குழாய், எத்தனை காற்றாடி வைத்தாலும் கொட்டகை ஆட்களின் தலைமயிரிலும் நகக்கண்ணிலும் அது ஏறி உட்கார்ந்துவிடும். அவர்கள் பேருந்தில் ஏறினால் அந்தப் பக்கத்து இருக்கை மொத்தமும் காலியாகும். "ராஜா மாதிரி ஜன்னல் சீட்டு, பக்கத்து சீட்டுல என் சாப்பாட்டுப் பை. எந்த மேனேஜருக்கு இந்த வசதி இருக்கு?" என்பார் அத்தான்.

அந்தக் கொட்டகையில் அவர் நிரப்புவார், அக்கா ரப்பர் மூடி போட்டு அலுமினிய வளையத்தை இறுக்குவாள். ஈரக் காற்று ஓர் ஊசி முனை அளவு புகுந்தாலும் சரக்கு கெடும். அக்கா மூடிய புட்டி திரும்பி வந்ததாக வரலாறு இல்லை. கல்யாணம் முடிவானதும் நிர்வாகம் அவளைக் கூப்பிட்டு, கணவன் மனைவி இரண்டு பேரும் அந்தக் கொட்டகையில் வேலை பார்க்கக் கூடாது என்றது. தீப்பிடித்தால் ஒரு வீட்டுக்கு ஓர் ஆளாவது மிஞ்ச வேண்டுமாம். என்ன கருணை பாருங்கள்! அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டில் மிதி தையல் இயந்திரம் போட்டுக் கடைகளுக்குத் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி வேறு நகரத்துக்குப் போனாள்.

அத்தான் வீட்டுக்கு வந்ததும் வேலை உடுப்பைப் பின்கட்டில் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி வைப்பாள். முக்கியதும் வாடை செத்துவிடும். ஆனால் ஆளை முக்க முடியுமா? வாடை அவரோடேயே உள்ளே வரும், சாப்பிடும், தூங்கும். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கத்துவேன். அக்கா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஒருமுறை அவர் நீண்ட விடுப்பில் இருந்தபோது வாடை மெல்ல மெல்ல உடம்பை விட்டுப் போனது. அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. "யாரோ வேத்து ஆளு வீட்டுல இருக்கிற மாதிரி இருக்குடி" என்று என்னிடம் வந்து குசுகுசுத்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அத்தான் போனது தீயில் அல்ல. பணி முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம். மருத்துவமனையில் அவரை நன்றாகக் கழுவித் துடைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த உடம்பில் மருந்து சோப்பு வாசனை மட்டும்தான் இருந்தது.

அக்கா குனிந்து அவர் கழுத்தை மோந்து பார்த்தாள். கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாக, நகம் நகமாக மோந்து பார்த்தாள். வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவள் கையைப் பழையபடி வைத்துவிட்டு நிமிர்ந்து, "இது அவரு இல்ல" என்றாள். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கடைக்காரனிடம் தவறான நூல்கண்டைத் திருப்பிக் கொடுப்பதுபோலச் சொன்னாள். அதன் பிறகு ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. மகள் அவளைக் கட்டிக்கொண்டு கதறியபோது அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "அழாத, வந்துருவாரு. ஷிப்ட் நீண்டிருக்கும்" என்றாள். செத்தவரை விட்டுவிட்டு எல்லாரும் இவளைப் பார்த்துத்தான் பயந்தார்கள். நானும்தான் அழவில்லை. ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை. பட்டாசு எங்கேயாவது அழுமா?

காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, ஒரு காலையில் அக்கா போன் செய்தாள்.

"வந்துட்டாருடி."

"யாரு?"

"யாருன்னு கேக்கறா பாரு. உங்க அத்தான்."

நான் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அக்கா கதவைத் திறந்தாள். சேர்த்த வார்த்தையெல்லாம் போன இடம் தெரியவில்லை. அதே வாடை. பணி முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே அவர் நிற்கிற மாதிரி, முகத்துக்கு நேராக வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். வாசலில் வெயில் மட்டும்தான் கிடந்தது.

"நான்தான் சொன்னேன்ல" என்றாள் அக்கா. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. தையல் இயந்திரத்துக்கு எதிரில் அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் என்னோடு பேசினாள்.

பேயாவது பிசாசாவது என்று நான் தேட ஆரம்பித்தேன். அலமாரியிலிருந்த அவர் துணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி எடுத்துப் போய்விட்டேன். செருப்பு, சாப்பாட்டுப் பை, தலையணை எல்லாம் போயிற்று. வாடை போகவில்லை. குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுச் சாக்கடைக் குழாய் முழுவதையும் திறக்க வைத்தேன். அவர் தலையை உள்ளே விட்டு வெளியே எடுத்து, "இங்க ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குள்ளதான் அடிக்குது" என்று சொல்லிவிட்டு, கருவிகளைக்கூடச் சரியாக எடுத்து வைக்காமல் கிளம்பினார். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் பக்கத்து ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டாள். பேயை ஓட்ட ஓர் ஆளைத் தெரியும் என்று வேறு சொல்லி அனுப்பினாள். ஊர்வாயை உலைமூடி போட்டு மூட முடியுமா?

ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. வாடை ஓரிடத்தில் நிற்கவில்லை. சமையலறையில் வரும், அங்கே போனால் கூடத்தில் வரும். காலையில் படுக்கையறைக் கதவைத் திறந்தால் கனத்துப் போய் நிற்கும். அக்காவைச் சுற்றிச் சுற்றித்தான் வந்தது. அதைச் சொன்னபோது அவள் வெட்கப்பட்டாள்! "அவரு எப்பவும் அப்படித்தானே" என்றாள்.

கடைசியில், மூக்கை நம்பக் கூடாது, மூக்கு துக்கத்தில் பொய் சொல்லும் என்று முடிவு செய்தேன். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு காற்றுப் பையை எடுத்துப் போய், அக்கா எழுந்ததும் படுக்கையறைக் காற்றை அதில் அடைத்துவந்து எங்கள் கருவியில் ஏற்றினேன். அந்தக் கருவிக்கு அக்காவையும் தெரியாது, அத்தானையும் தெரியாது. காற்றில் இருப்பதையெல்லாம் பிரித்து ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் காட்டும். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சல்பைடு வரவேண்டிய இடம் வந்தது. கோடு மெல்ல எழும்பி, கூராக நின்று, இறங்கியது.

அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பக்கத்து மேசையில் யாரோ எதையோ கேட்டார்கள், எனக்குக் காது கேட்கவில்லை. கொட்டகையை விட்டால் அந்தச் சல்பைடு அவ்வளவு இருக்க எங்கள் ஊரில் வேறு இடமே இல்லை. துணி இல்லை, குழாய் இல்லை. பிறகு அந்த வீட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது யார்?

இதற்கிடையில் குடியிருப்பு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், எங்கள் அத்தானோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். வேலையில் இருப்பவர் போய்விட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. கொட்டகைக்குப் புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்கள், கைக்குழந்தையோடு அவர் குடும்பம் காத்துக்கொண்டிருக்கிறது. அதிகாரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வாடை அவருக்கும் வந்தது என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

"தங்கச்சி, நான் எவ்வளவோ தள்ளிப் பாத்துட்டேன். இந்த மாசம் முடிஞ்சா பூட்டோட ஆளு வரும். என் கையில இல்லம்மா."

"நான் போயிட்டா அவரு இங்க வந்து தேடுவாரே அண்ணே" என்றாள் அக்கா. "வீடு பூட்டியிருந்தா எங்க போவாரு?"

அவர் நான் கொண்டுவந்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனார். அன்றைக்குப் பிறகு எங்களுக்கு இருந்த கவலை ஒன்றுதான். அக்கா தானாக அந்த வீட்டை விட்டு வருவாளா, அல்லது சாமானைத் தெருவில் எறிந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்து வரவேண்டியிருக்குமா? இழுத்து வந்தால் அவள் பிழைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மகள் போனில் அழுதாள். ஒரு வாரம் மட்டும் வந்து இரும்மா, பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போய்விடு என்று கெஞ்சினாள். எப்படியோ சம்மதிக்க வைத்து நான்தான் கூட்டிப் போனேன். கிளம்புவதற்கு முன் அக்கா அந்த நாற்காலிக்கு எதிரில் நின்று, எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம், இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் விலாவாரியாகச் சொன்னாள். பையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

மகள் வீட்டில் முதல் நாள் முழுக்க அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயணத்தில் வாடை குறைந்து போயிருந்தது, நானும் அதைக் கவனித்தேன். மறுநாள் காலை மகள் என் அறைக்கு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"சித்தி... அப்பா வாசனை."

போய்ப் பார்த்தால் அக்கா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "பாத்தியாடி? வழி கேட்டுக் கேட்டு வந்துட்டாரு. இனிமே அந்த வீடு எதுக்கு? நாளைக்கே போய்க் காலி பண்ணிடலாம்" என்றாள்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். மருமகன் பாவம், மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டே நடமாடினார். அவர்கூட, "பரவாயில்ல அத்தை, மாமா எத்தனை நாள் வேணாலும் இருக்கட்டும்" என்றார்.

அன்று மத்தியானம் நான் அவள் அறைக்குள் போனபோது, அக்கா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். கையில் பழுப்பு நிறத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி. தண்ணீர் போலத்தான் இருந்தது.

"என்னக்கா அது?"

"முட்டித் தண்ணி. உங்க அத்தான் அலமாரி மேல வச்சிருந்தாரு. காரியத்துக்கு வந்தவங்களுக்கு எழுந்து எழுந்து உக்காந்ததுல முட்டி பிடிச்சுக்கிச்சு. மிதிச்சுத் தைக்கிற காலு வேற. அப்பலருந்து தினம் படுக்கப் போகும்போது இதைத்தான் போடறேன். பஸ்ஸுல வந்த ராத்திரிதான் விட்டுப்போச்சு, அதான் இன்னைக்கு மத்தியானமும் ஒருதரம் போடறேன்."

நான் அந்தப் புட்டியை வாங்கிப் பார்த்தேன். மோந்து பார்க்கத் தேவையில்லை, அதற்கு வாசனை கிடையாது. சல்பைடோடு ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் அது டைமெத்தில் சல்பாக்சைடு. கொட்டகையில் வாடையைக் கொல்ல பிளீச்சிங் போடுகிறோமே, அப்போது சல்பைடு இதுவாகத்தான் மாறுகிறது. கரைப்பானாக இதைத் தனியே பீப்பாயிலும் வாங்குகிறோம். தோலில் பட்டால் நிமிஷத்தில் உள்ளே இறங்கிவிடும், கையிலிருக்கும் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. வேண்டாம் வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் பழைய ஆட்கள் மூட்டு வலிக்கு அதைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போய்த் தடவுவார்கள். உள்ளே போனதில் ஒரு பகுதியை உடம்பு என்ன செய்யும் தெரியுமா? அந்த ஆக்சிஜனைப் பிடுங்கிவிட்டு, பழையபடி சல்பைடாக்கி, மூச்சு வழியாக வெளியே அனுப்பும்.

நான் கட்டிலில் அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"அக்கா, கொஞ்சம் ஊது."

"என்ன?"

"என் மூஞ்சில ஊது. பலமா."

அவள் சின்னப் பிள்ளை மாதிரிக் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினாள். என் முகத்தில் அத்தான் வீசினார்.

நான் வெளியே வந்து மகளைப் பின்பக்கம் இழுத்துப் போய்ச் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதீங்க சித்தி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அம்மா சந்தோஷமா இருக்காங்க. வீட்டைக் காலி பண்ணட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

"புட்டியில கால் பாகம்தான் இருக்கு. அது தீர்ந்தா?"

"தீரட்டும்."

"தீர்ந்ததும் உங்கப்பா இங்க இருக்க மாட்டாரு. அங்க விட்டுட்டு வந்துட்டோமேன்னு உங்கம்மா அந்த வீட்டுக்கு ஓடுவா. அங்க வேற ஒருத்தன் கைக்குழந்தையோட குடியிருப்பான். அந்த வாசல்ல போய் நின்னுக்கிட்டு அவ என்ன பண்ணுவா, சொல்லு?"

அவள் என் கையை விட்டாள். அக்கா போய் நிற்கப் போகிற வாசல் எனக்குக் கண்முன்னே தெரிந்தது. உள்ளே போனேன்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்கு இதமாகப் பேசி வழக்கமில்லை. அவளுக்குத் தெரிந்த வேலையிலிருந்தே பிடித்தேன்.

"அக்கா, மூடின சரக்குல வாடை கம்மியாத்தானே இருக்கும்? எப்ப தூக்கலா வரும்?"

"ஜோடி பிரியும்போது" என்றாள் உடனே. வேலையை விட்டு எவ்வளவு காலமானாலும் கை மறக்குமா? "போரேன் வேற ஒண்ணோட போயிடும். சல்பைடுக்குப் போக்கிடம் கிடையாது, வெளிய வந்து சுத்தும்."

"அப்ப அந்த வாடை போனவனோடதா, நின்னவளோடதா?"

"நின்னவளோட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள்.

நான் புட்டியை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தோல், ரத்தம், மூச்சு. சொல்லி முடித்ததும் இரண்டு உள்ளங்கையையும் குவித்து வாயருகே வைத்து ஊதி, மோந்து பார்த்தாள். மறுபடியும் ஊதினாள். கையைக் கீழே இறக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அப்ப இவ்வளவு நாளா நாற்காலியப் போட்டு, நான் என்கிட்டயேவா பேசிக்கிட்டிருந்தேன்?"

நான் தலையை ஆட்டினேன்.

"அவரு வரவே இல்லையா?"

"இல்லக்கா."

"ஒரு நாள் கூடவா?"

நான் புட்டியின் மூடியை இறுக்கினேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். வாழ்நாளில் யாரையும் ஒரு சுடுசொல் சொல்லாதவள் அன்று சொன்னாள். "உனக்கு எல்லாத்தையும் கண்டுபிடிச்சே ஆகணும், இல்ல?"

அப்புறம் புட்டியை என் பக்கம் தள்ளினாள். "எடுத்துட்டுப் போ. கண்ணு முன்னாடி இருந்தா தடவிடுவேன்."

நான் அன்றே கிளம்பிவிட்டேன். அவள் வாசல்வரை வரவில்லை. சில நாள் கழித்து மகள் போன் செய்தாள். பின்னணியில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் ஏதோ பிராணி என்றுதான் நினைத்தேன்.

"அம்மா சித்தி. காலைல எழுந்து கையில ஊதிப் பாத்தாங்க. ஒண்ணும் வரல. அப்பலருந்து அழறாங்க. நிறுத்தவே மாட்டேங்கறாங்க."

"அழட்டும்" என்றேன். "தண்ணி மட்டும் குடுத்துக்கிட்டே இரு."

மாதக் கடைசியில் அக்கா குடியிருப்புக்கு வந்தாள். தானே பெருக்கினாள், தானே கழுவினாள், நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்காரிக்கே கொடுத்தாள். அந்தக் கைக்குழந்தைக்காரர் மனைவியிடம் எந்தக் குழாய் ஒழுகும், எந்த ஜன்னல் இறுகும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியை அதிகாரியிடம் நீட்டினாள். என்னோடு நாலைந்து வார்த்தைதான் பேசினாள். போகப் போகச் சரியாகிவிட்டாள். மகள் வீட்டில் ஒரு மின்சாரத் தையல் இயந்திரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். காலுக்கு வேலை இல்லை. அத்தானைப் பற்றி இப்போது "இருந்தாரு, செஞ்சாரு" என்றுதான் பேசுகிறாள்.

போன வாரம் முதல்முறையாக என் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனாள். அங்கே ஒரு பழைய கைகழுவும் தொட்டி உண்டு, முன்பெல்லாம் நான் அதை உபயோகித்ததே கிடையாது. போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். தண்ணீர் சத்தம் கேட்கவில்லை. நான் எழுந்து போனேன்.

அவள் தொட்டிமேல் குனிந்து மோந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நான் கடகடவென்று சொல்ல ஆரம்பித்தேன். புட்டியில் மிச்சமிருந்ததை அன்றைக்கு அதில்தான் கொட்டினேன். கீழே வளைந்த குழாயில் தேங்கிய அழுக்கில் கிருமி இருக்கும். காற்றுப் படாத இடத்தில் அதுவும் அந்த ஆக்சிஜனைப் பிடுங்கி சல்பைடாக்கிவிடும். இதெல்லாம் தெரிந்த விஷயம்தான், பெரிய சாக்கடைகளிலேயே நடக்கும்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். தொட்டிக்குப் பக்கத்தில் நான் போட்டு வைத்திருந்த முக்காலியைப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த என் பல் துலக்கியைப் பார்த்தாள்.

"கொதிக்கிற தண்ணிய ஊத்தினா போயிடும்ல?" என்றாள்.

"போயிடும்."

அவள் சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரம் தண்ணீரை அடுப்பில் வைத்தாள். கொதித்ததும் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வழியில் நின்றேன். ஆவி எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.

"தள்ளுடி, கை சுடுது."

"நாளைக்கு ஊத்திக்கலாம்க்கா" என்றேன். "இன்னைக்கு ஒரு நாள் இருக்கட்டும்."

அதற்கு முந்தின நாளும் எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.